மியூசிக் டெக்னாலஜி முதுகலை: 12 வாரத்தில் தீசிஸ் முன்மொழிவு. ஆராய்ச்சி வேலையை எங்கிருந்து பழகுவது?

மந்திரஸ்தாயி (கேள்வி)

வணக்கம். மியூசிக் டெக்னாலஜி எம்.எஸ். முதல் செமஸ்டர். பைத்தான் வரும். சிக்னல் பிராசசிங் ஒரு பாடம் முடித்தாயிற்று. கர்நாடக சங்கீதம் வாய்ப்பாட்டு வரும். ஆராய்ச்சி முறை பாடத்துக்காக 12 வாரத்தில் தீசிஸ் முன்மொழிவு கொடுக்க வேண்டும். அதில் ஒரு கேள்வி, முன்னால் நடந்த வேலைகள், சின்னதாக ஒரு முன்னோட்டச் சோதனை, எதை வைத்து மதிப்பிடுவேன் என்ற திட்டம், இவ்வளவும் வேண்டும்.

நான் கொடுத்த தலைப்பு: "செயற்கை நுண்ணறிவு மூலம் கர்நாடக இசையின் கமகங்களைப் பகுப்பாய்வு செய்தல்." (கமகம் என்றால் ஸ்வரத்தை அசைத்தும் இழுத்தும் பாடுவது.) கைடு "இது தலைப்புதான், கேள்வி எங்கே?" என்று எழுதித் திருப்பிவிட்டார். 60 பேப்பர் இறக்கி வைத்திருக்கிறேன், எதை முதலில் படிப்பது என்று தெரியவில்லை. கோடு (நிரல்) எழுதத் தெரிகிறது. ஆனால் அதில் வரும் எண்ணை நம்பலாமா என்று எப்படிப் பார்ப்பது? கேட்போரை வைத்துச் சோதனை செய்தே ஆக வேண்டுமா? துறைக்குள் இருப்பவர்கள் கொஞ்சம் விவரமாகச் சொன்னால் உதவியாக இருக்கும்.

---

அலைவரிசை

கைடு சொன்னது சரி. "பகுப்பாய்வு செய்தல்" என்ற சொல் தலைப்பில் இருக்கும்வரை வேலை எப்போது முடிந்தது என்று உங்களாலும் சொல்ல முடியாது, அவராலும் முடியாது. கேள்வி என்றால் அதில் நான்கு இடம் நிரம்பியிருக்க வேண்டும். எதை அளக்கிறீர்கள், எந்தப் பதிவுகளில், எதோடு ஒப்பிட்டு, எந்த அளவுகோலில்.

உங்கள் தலைப்பிலிருந்தே ஒன்றை எடுத்துக் காட்டுகிறேன். "பாடகரின் பிட்ச்சைக் கண்டறிவதில் பி-யின், கிரெப் என்ற இரண்டு முறைகளும் நேராக நிற்கும் ஸ்வரத்தைவிடக் கமகம் உள்ள இடத்தில் எவ்வளவு அதிகம் தவறுகின்றன? ஃப்ரேம் (ஒரு முறைக்கு எடுத்துப் பார்க்கும் ஒலித்துண்டு) நீளத்தைக் குறைத்தால் அந்த வித்தியாசம் குறைகிறதா?" இதற்கு "ஆம்" என்று வந்தாலும் "இல்லை" என்று வந்தாலும் எழுத விஷயம் இருக்கிறது. ஒரே ஒரு பதில் வந்தால்தான் தீசிஸ் நிற்கும் என்றால் அந்தக் கேள்வியை எடுக்காதீர்கள்.

இன்னொன்று. நம் வழக்கில் "சுருதி" என்றால் ஆதார ஷட்ஜம். சிக்னல் பிராசசிங்கில் பிட்ச் என்பது ஒவ்வொரு கணத்திலும் மாறும் அடிப்படை அதிர்வெண். முன்மொழிவின் முதல் பக்கத்திலேயே இரண்டையும் பிரித்து வரையறுத்துவிடுங்கள். "கமகம்" என்பதையும் அப்படியே. நீங்கள் அளக்கப்போவது ஸ்வரத்தை அசைக்கும் கம்பிதமா, வழுக்கிச் செல்லும் ஜாருவா, எல்லாமா? பாடத் தெரிந்தவருக்கு இது சொல்லாமலே புரியும், படித்துப் பார்க்கும் தேர்வாளருக்குப் புரியாது.

படிப்பது பற்றி. 60 பேப்பரையும் முதல் வரியிலிருந்து படிக்க ஆரம்பித்தால் செமஸ்டரே போய்விடும். உங்கள் கேள்விக்கு மிக நெருக்கமான, கடந்த இரண்டு மூன்று ஆண்டுகளில் வந்த ஒரே ஒரு பேப்பரை எடுங்கள். அதன் முந்தைய வேலைகள் பகுதியிலிருந்து இரண்டு படி பின்னோக்கிப் போங்கள், பிறகு அதை மேற்கோள் காட்டியவர்கள் யார் என்று ஒரு படி முன்னோக்கி. ஒரே பேப்பர் மூன்று வழியிலும் வந்து நின்றால் அதுதான் அடித்தளம். பிட்ச் விஷயத்தில் அப்படி வந்து நிற்பவை 2002-ல் வந்த யின், 2012-ல் மெலோடியா, 2014-ல் பி-யின், 2018-ல் கிரெப். இந்த நான்கையும் ஊன்றிப் படிக்காமல் மீதி 56-ஐத் தொட வேண்டாம். ஐஸ்மிர் என்ற இசைத் தகவல் ஆய்வு மாநாட்டின் கட்டுரைகள் 2000-லிருந்து அத்தனையும் இலவசமாகக் கிடைக்கின்றன. 2022-ல் அந்த மாநாடு பெங்களூரில் நடந்தது. இந்திய இசை பற்றிய நல்ல கட்டுரைகள் பலவற்றுக்கு 2011-ல் தொடங்கிய காம்ப்மியூசிக் திட்டம் ஊற்றுக்கண். பார்சிலோனாவின் பொம்பேயு ஃபாப்ரா பல்கலைக்கழகம் நடத்தியது, சென்னை ஐ.ஐ.டி.யும் மும்பை ஐ.ஐ.டி.யும் அதில் பங்கெடுத்தன.

படிக்கும் வரிசையும் முக்கியம். சுருக்கம், பிறகு படங்களும் அட்டவணைகளும், பிறகு நேராக டேட்டா பகுதி. மாடல் எப்படிக் கட்டினார்கள் என்பது கடைசியில். ஒரு ஸ்பிரெட்ஷீட் திறந்து ஒவ்வொரு பேப்பருக்கும் ஒரு வரி போடுங்கள். எந்த டேட்டாசெட், எத்தனை மணி நேரம், எத்தனை பாடகர்கள், சரிவிடையைக் கொடுத்தது மனிதரா மென்பொருளா, எந்த அளவுகோல், கோடு கிடைக்கிறதா. 25 பேப்பருக்கு இதை நிரப்பினால் காலியாக நிற்கும் கட்டங்கள்தான் உங்கள் தீசிஸ் எங்கே போகலாம் என்று காட்டும்.

டேட்டா பகுதியை ஏன் முதலில் பார்க்கச் சொல்கிறேன் என்பதற்கு ஜிடிசான் போதும். 2002-ல் வந்த இசை வகைப் பாகுபாட்டு டேட்டாசெட். 10 வகை, வகைக்கு 100, ஒவ்வொன்றும் 30 விநாடி, மொத்தம் 1000 துண்டு. ஆண்டுக்கணக்கில் எல்லோரும் அதில் சதவீதத்தை ஏற்றிக்கொண்டே போனார்கள். பாப் ஸ்டர்ம் உட்கார்ந்து ஒவ்வொரு துண்டாகக் கேட்டு, 2013-ல் அதன் குறைகளை எழுதினார். அதே துண்டு இரண்டு முறை இருக்கிறது, தவறான வகைப்பெயர் இருக்கிறது, சிதைந்த ஆடியோ இருக்கிறது, ரெகே பிரிவின் 100-ல் 35 பாப் மார்லி. ஒருவருடைய பாட்டுகளைப் பயிற்சிப் பக்கமும் சோதனைப் பக்கமும் பிரித்துப் போட்டால் மாடல் ரெகேயைக் கற்கிறதா, அந்த ஒருவரின் குரலையும் ஒலிப்பதிவுச் சாயலையும் கற்கிறதா? அட்டவணையில் இருக்கும் சதவீதம் இதற்குப் பதில் சொல்லாது. அவர் பயன்படுத்தியதில் பெரிய கருவி ஏதும் கிடையாது, டேட்டாவைக் காதால் கேட்டார். உங்களுக்குப் பாட வரும் என்பதால் இந்த இடத்தில் வெறும் கோடு மட்டும் தெரிந்தவர்களைவிட நீங்கள் ஒரு படி மேலே நிற்கிறீர்கள். விட்டுவிடாதீர்கள்.

---

நெய்தல்

அலைவரிசை கேள்வியைக் கொடுத்துவிட்டார். "எண்ணை நம்பலாமா" என்பதற்கு நான் பதில் சொல்கிறேன். ஆராய்ச்சிப் பயிற்சியில் ஆகப் பெரிய பகுதி அதுதான் என்பது என் எண்ணம்.

புதிதாக எதையும் செய்வதற்கு முன் வெளிவந்த ஒரு முடிவை அப்படியே திரும்பச் செய்து பாருங்கள். கிரெப் பேப்பரில் உள்ள ஒரு அட்டவணையில் ஒரே ஒரு கட்டம் போதும். கோடும் மாடலும் திறந்தே கிடைக்கின்றன. அவர்கள் சோதித்த எம்டிபி-ஸ்டெம்-சின்த் என்ற 230 டிராக் டேட்டாசெட்டும் கிடைக்கிறது. ஆனால் வெளியிட்ட மாடலே அந்த டேட்டாவிலும் பயிற்சி பெற்றது. பேப்பரில் பயிற்சிக்கு ஒரு பகுதி, சோதனைக்கு வேறு பகுதி என்று சுற்றுச் சுற்றாகப் பிரித்து அளந்தார்கள். நீங்கள் வெளியிட்ட மாடலை அதே டிராக்குகளில் ஓட்டினால் எண் இன்னும் நன்றாக வரும், அது நியாயமான ஒப்பீடு ஆகாது. ஏன் பொருந்தவில்லை என்பதை இந்த அளவுக்கு உங்கள் வாயால் விளக்க முடிந்தால் முதல் பாடம் முடிந்தது. இதற்கு இரண்டு வாரம் ஒதுக்குங்கள்.

இனி உங்கள் சோதனை. இதில் சறுக்கும் இடங்கள் பெரும்பாலும் நேரக் கணக்கில்தான் இருக்கும்.

லிப்ரோசா என்ற பைத்தான் நூலகத்தில் ஆடியோவை ஏற்றினால், நீங்கள் எதுவும் சொல்லாவிட்டால் 22,050 ஹெர்ட்ஸுக்கு மாற்றி மோனோவாகக் கொடுக்கும். அதன் பி-யின் 2048 சாம்பிள் ஃப்ரேம், 512 சாம்பிள் நகர்வு. அதாவது 93 மில்லிவிநாடி ஜன்னல், 23 மில்லிவிநாடிக்கு ஒரு மதிப்பு. கிரெப் 16,000 ஹெர்ட்ஸில் 1024 சாம்பிள் பார்க்கிறது, 64 மில்லிவிநாடி ஜன்னல், 10 மில்லிவிநாடிக்கு ஒரு மதிப்பு. இரண்டையும் அப்படியே ஓட்டி ஒப்பிட்டால் நீங்கள் ஒப்பிடுவது முறைகளை மட்டுமல்ல, ஜன்னல் அளவுகளையும் சேர்த்துத்தான். நகர்வை இரண்டுக்கும் 10 மில்லிவிநாடி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஜன்னல் நீளத்தைத் தனியாக மாற்றிப் பாருங்கள்.

அடுத்தது இன்னும் மோசமானது. ஒரு ஃப்ரேமின் நேரம் என்பது அதன் தொடக்கமா, நடுவா? லிப்ரோசா தானாக ஓரங்களில் இட்டு நிரப்பி, நேரம் ஃப்ரேமின் நடுவைக் குறிக்கும்படி செய்கிறது. அந்த அமைப்பை அணைத்துவிட்டு நேரத்தை மட்டும் பழையபடி கணக்கிட்டால் 1024 சாம்பிள், அதாவது 46 மில்லிவிநாடி, பிட்ச் கோடு முழுவதும் நகர்ந்துவிடும். நேராக நிற்கும் ஸ்வரத்தில் இந்த நகர்வு தெரியவே தெரியாது, ஏனென்றால் 46 மில்லிவிநாடி முன்னாலும் பின்னாலும் அதே பிட்ச்தான். கமகத்தில் 100 மில்லிவிநாடிக்குள் 200 சென்ட் (ஒரு ஸ்வரஸ்தானத்திலிருந்து அடுத்ததற்கு 100 சென்ட்) ஏறும் ஒரு இடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 46 மில்லிவிநாடி பிசகினால் அங்கே 90 சென்ட்டுக்கு மேல் தவறு. 50 சென்ட் வரை சரி என்று வைத்திருந்தால் அந்த இடம் மொத்தமும் "தவறு" என்று எண்ணப்படும்.

இப்போது உங்கள் கேள்வியை மறுபடி படியுங்கள். "கமகம் உள்ள இடத்தில் அதிகம் தவறுகிறதா?" கோடில் ஒரு பிழை, நீங்கள் எதிர்பார்க்கும் அதே முடிவைக் கொண்டுவந்து கொடுக்கிறது. எதிர்பார்த்த எண் வந்துவிட்டால் யாரும் மேற்கொண்டு தோண்டுவதில்லை. அதனால்தான் இது ஆபத்து.

இதைப் பிடிக்கும் வழி எளிது. விடை தெரிந்த ஒரு ஒலியை நீங்களே செய்யுங்கள். 220 ஹெர்ட்ஸை நடுவாக வைத்து, விநாடிக்கு 5 முறை, மேலும் கீழும் 100 சென்ட் ஆடும் ஒலி. வெறும் சைன் போதாது, 10 ஹார்மானிக் சேர்த்து 10 விநாடி. பைத்தானில் 15 வரிக்குள் முடியும். அதை இரண்டு முறையிலும் ஓட்டுங்கள். வந்த பிட்ச் கோட்டை மைனஸ் 60 முதல் பிளஸ் 60 மில்லிவிநாடி வரை, ஒவ்வொரு மில்லிவிநாடியாக நகர்த்தி, ஒவ்வொரு இடத்திலும் சராசரித் தவறைக் கணக்கிட்டு வரையுங்கள். பள்ளம் பூஜ்யத்தில் இருந்தால் நேரம் சரி. வேறெங்காவது இருந்தால் உங்கள் கோடில் பிழை. பள்ளம் பூஜ்யத்திலேயே இருந்தும் ஆட்டம் 100 சென்ட்டுக்குப் பதில் சுருங்கித் தெரிந்தால் அது ஜன்னல் நீளத்தின் விளைவு. 93 மில்லிவிநாடியில் ஏறி இறங்குவதெல்லாம் ஒன்றாகக் கலந்துவிடுகிறது. முதலாவது உங்கள் தவறு, இரண்டாவது உங்கள் தீசிஸ். இரண்டையும் பிரித்துக் காட்டும் அந்த ஒரு படம் முன்னோட்டச் சோதனையாக முன்மொழிவில் வைக்கத் தகுந்தது.

எம்பி3 பதிவு என்றால் இன்னொரு நகர்வு உண்டு. டீகோடரைப் பொறுத்துத் தொடக்கத்தில் சில பத்து மில்லிவிநாடி கூடலாம், குறையலாம். ஒரே ஒரு முறை வேவ் ஆக மாற்றி, எல்லாப் படிகளுக்கும் அந்தக் கோப்பையே பயன்படுத்துங்கள்.

சரிவிடை பற்றி. கர்நாடக இசைக்குப் பலரும் எடுப்பது சரகா. 249 பதிவு, அதில் 168-க்குத் தனித்தனி மைக் டிராக்குகளும் உண்டு. நல்ல டேட்டாசெட், நன்றியோடு பயன்படுத்த வேண்டியது. ஆனால் அதில் வரும் பிட்ச் கோடுகள் மென்பொருள் தானாகக் கொடுத்தவை. பிரிவுகள், தாளத்தின் சம இடங்கள், சொற்றொடர்கள் போன்றவைதான் மனிதர் குறித்தவை. அந்தப் பிட்ச் கோட்டைச் சரிவிடையாக வைத்து கிரெப்பை மதிப்பிட்டால் "கிரெப் எவ்வளவு சரி" என்று தெரியாது, "கிரெப் அந்த மென்பொருளோடு எவ்வளவு ஒத்துப்போகிறது" என்றுதான் தெரியும். குரல் மைக்கில் வயலினும் மிருதங்கமும் கசிந்து கேட்கும். மேடையில் பதிவானது, அது அப்படித்தான். எனவே "தனி டிராக்" என்பதைத் தனிக் குரல் என்று எழுதாதீர்கள்.

இதற்குச் சரகா-கர்நாடிக்-மெலடி-சின்த் என்று ஒன்று இருக்கிறது. பாடிய குரலின் பிட்ச்சை எடுத்து, அதே பிட்ச்சில் குரலை மறுபடி உருவாக்கி, பக்கவாத்தியங்களோடு சேர்த்திருக்கிறார்கள். உருவாக்கப் பயன்படுத்திய பிட்ச்தான் விடை என்பதால் அது துல்லியம். அதில் ஒரு விலையும் உண்டு, உண்மைக் குரலின் சில குணங்கள் மறு உருவாக்கத்தில் போய்விடும். எனவே அதில் பெரிய அளவிலும், பிட்ச் கோட்டைத் திருத்த உதவும் டோனி மென்பொருளில் நீங்களே கையால் திருத்திய உண்மைப் பதிவில் சிறிய அளவிலும் செய்யுங்கள். கையால் திருத்துவதற்கு முன் ஒரே ஒரு நிமிடப் பதிவை எடுத்து எவ்வளவு நேரம் ஆகிறது என்று கடிகாரம் வைத்துப் பாருங்கள். அதற்குப் பிறகு எத்தனை நிமிடம் முடியும் என்று வாக்குக் கொடுங்கள். 5 நிமிடத்தை மட்டும் பாடத் தெரிந்த இன்னொருவரும் தனியாகத் திருத்தட்டும். நீங்கள் இருவரும் ஒத்துப்போகும் அளவுதான் எந்த மென்பொருளுக்கும் உச்சவரம்பு. அதைத் தாண்டி ஒன்று சரியாக வருகிறது என்று சொல்ல உங்களிடம் ஆதாரம் இல்லை.

மதிப்பீட்டுக்கு மிர்-எவால் என்ற பைத்தான் நூலகம். சொந்தமாக எழுத வேண்டாம், ஒப்பிட முடியாமல் போகும். அங்கேயும் ஒரு பள்ளம் உண்டு. குரல் இல்லாத இடத்தில் லிப்ரோசாவின் பி-யின் "எண் அல்ல" என்ற மதிப்பைப் போடும். மிர்-எவால் அங்கே பூஜ்யத்தையோ மைனஸ் எண்ணையோ எதிர்பார்க்கிறது. மாற்றாமல் கொடுக்காதீர்கள். கிரெப்போ குரல் இல்லாத இடத்திலும் ஒரு பிட்ச் கொடுத்துக்கொண்டே இருக்கும், கூடவே ஒரு நம்பிக்கை அளவு. எந்த அளவுக்குக் கீழே "குரல் இல்லை" என்று முடிவு செய்கிறீர்களோ அதைத் தனியாக ஒதுக்கிய பதிவுகளில் தேர்ந்தெடுங்கள். சோதனைப் பதிவுகளைப் பார்த்து அந்த எல்லையை நகர்த்தினால் அது சோதனையே அல்ல. மாடலைப் பயிற்றுவிக்காவிட்டாலும் இந்த ஒரு எண்ணைத் தேர்ந்தெடுப்பதும் பயிற்சிதான். ஒதுக்கும்போது பாடகர் வாரியாக ஒதுக்குங்கள், பாட்டு வாரியாக அல்ல.

கடைசியாக நோட்டுப் புத்தகம். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் தேதி, கோடின் எந்தப் பதிப்பு என்று காட்டும் கிட் கமிட் எண், டேட்டாசெட் பதிப்பு, அமைப்புகள். இவற்றோடு, ஓட்டுவதற்கு முன்பே என்ன எதிர்பார்க்கிறீர்கள் என்று ஒரு வரி. இப்படி:

"ஓட்டம் 14. ஜன்னல் 2048-லிருந்து 1024. மற்றவை ஓட்டம் 13 போலவே. எதிர்பார்ப்பு: கமக இடங்களில் தவறு குறையும், மந்திர ஸ்தாயியில் கூடும். வந்தது: —"

முன்கூட்டி எழுதிய அந்த வரி இல்லாவிட்டால், எது வந்தாலும் "நான் நினைத்ததுதான்" என்று மனம் சொல்லிக்கொள்ளும்.

---

எட்டாம்கட்டை

நெய்தல் சொன்னதோடு புள்ளியியல் பக்கம் மட்டும் சேர்க்கிறேன். முதுகலை தீசிஸ்களில் அடிக்கடி விழும் குழி இது.

ஒரு பாட்டு 4 நிமிடம். 10 மில்லிவிநாடிக்கு ஒரு மதிப்பு என்றால் 24,000 ஃப்ரேம். 20 பாட்டுக்கு 4,80,000. இந்த எண்ணைக் கொடுத்து எந்தச் சோதனையைச் செய்தாலும் எள்ளளவு வித்தியாசம்கூட "குறிப்பிடத்தக்கது" என்று வந்துவிடும். அடுத்தடுத்த ஃப்ரேம்கள் ஒன்றுக்கொன்று தொடர்பற்றவை அல்ல. ஒரே பாட்டு, ஒரே குரல், ஒரே மைக். உங்களிடம் உண்மையில் இருப்பது 20 பாட்டு. அந்த 20-ஐயும் 6 பேர்தான் பாடியிருக்கிறார்கள் என்றால் அதற்கும் கீழே யோசியுங்கள்.

எனவே ஒவ்வொரு பாட்டுக்கும் ஒரு எண், இரண்டு முறைக்கும் ஜோடியாக. வித்தியாசத்துக்கு வில்காக்ஸன் ஜோடிச் சோதனை. கூடவே பாடகர்களைத் திரும்பத் திரும்பப் பொறுக்கி எடுக்கும் பூட்ஸ்ட்ராப்பில் 95 சதவீத இடைவெளி. பி மதிப்பை மட்டும் எழுதி நிறுத்தாதீர்கள். 20 பாட்டின் வித்தியாசங்களையும் 20 புள்ளியாக ஒரே படத்தில் போடுங்கள். 17 ஒரு பக்கமும் 3 எதிர்ப் பக்கமும் கிடந்தால் அந்த மூன்றையும் போய்க் கேளுங்கள். சராசரி சொல்லாததை அந்த மூன்று சொல்லும்.

50 சென்ட் எல்லை பற்றியும் யோசியுங்கள். அது அடுத்தடுத்த இரண்டு ஸ்வரஸ்தானங்களுக்கு இடையே உள்ள தூரத்தில் பாதி. மேற்கத்திய மெட்டுக்கு அது போதும் என்று வந்த வழக்கம். கமகத்தின் வடிவம் கெட்டுப் போயிருந்தாலும் 50 சென்ட்டுக்குள் இருந்தால் "சரி" என்றே எண்ணப்படும். 50 சென்ட்டில் ஒரு எண் கொடுங்கள், மற்ற பேப்பர்களோடு ஒப்பிட அது வேண்டும். 25-லும் 10-லும் சேர்த்துக் கொடுங்கள், உங்கள் கேள்விக்கான பதில் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். ஒரு எச்சரிக்கை: லிப்ரோசா பி-யினின் பிட்ச் கட்டமே 10 சென்ட் அகலம். கிரெப்பின் கட்டம் 20 சென்ட், அக்கம்பக்கக் கட்டங்களின் சராசரியால் அதைவிட நுணுக்கமாகக் கொடுக்கிறது. 10 சென்ட் எல்லையில் வரும் வித்தியாசத்தில் இதுவும் கலந்திருக்கும்.

---

கார்வை

கேட்போர் சோதனை பற்றி யாரும் தொடவில்லை. அலைவரிசை எழுதிய கேள்விக்கு அது தேவையே இல்லை. பிட்ச் சரியா தவறா என்பதற்குச் சரிவிடை இருக்கிறது. சோதனை வைத்தால்தான் ஆராய்ச்சி என்று நினைத்து முன்மொழிவில் திணிக்காதீர்கள். கேள்வி "மறு உருவாக்கிய கமகம் காதுக்கு எப்படி இருக்கிறது" என்று மாறினால் மட்டும் வேண்டும்.

அப்படி மாறினால் முதல் வேலை நெறிமுறைக் குழுவின் அனுமதி. மனிதரை வைத்துச் செய்யும் எதற்கும் ஆள் சேர்ப்பதற்கு முன்பே வாங்க வேண்டும். முடித்துவிட்டுப் பிறகு வாங்க முடியாது, அந்தத் தரவைப் பயன்படுத்தவும் முடியாது. குழு எத்தனை நாளுக்கு ஒருமுறை கூடுகிறது என்று இந்த வாரமே கேட்டு வையுங்கள். 12 வாரத்தில் அதுவே பாதியைத் தின்றுவிடலாம்.

முறை என்று பார்த்தால் மஷ்ரா, சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பிஎஸ்.1534. கேட்பவர் மூலத்தையும் பல பதிப்புகளையும் மாற்றி மாற்றிக் கேட்டு 0 முதல் 100 வரை மதிப்பிடுவார். பதிப்புகளுக்கு நடுவே பெயர் சொல்லாமல் மூலமும் ஒளிந்திருக்கும். கூடவே 3.5 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் வெட்டிய கெட்ட பதிப்பு ஒன்று, 7 கிலோஹெர்ட்ஸில் வெட்டியது ஒன்று. ஒளித்து வைத்த மூலத்துக்கே 15 சதவீதத்துக்கும் மேற்பட்ட கேள்விகளில் 90-க்குக் கீழே போடுபவரின் பதில்களை விலக்க வேண்டும் என்பது விதி. துண்டுகள் 10 விநாடி அளவு. ஒரு பக்கத்தில் 12 பதிப்புக்கு மேல் வேண்டாம். வெப்மஷ்ரா என்ற இலவச மென்பொருள் இதை உலாவியிலேயே செய்துவிடும்.

இந்த முறை ஆடியோ தரத்துக்கு, அதாவது ஒலியைச் சுருக்கும் கோடெக் போன்றவற்றுக்கு, உருவானது. "இந்தத் தோடி காந்தாரம் தோடியாக இருக்கிறதா" என்பது தரம் பற்றிய கேள்வியே அல்ல. 3.5 கிலோஹெர்ட்ஸில் வெட்டினாலும் காந்தாரம் காந்தாரம்தான், கெட்ட பதிப்பு அங்கே கெட்டதாக வேலை செய்யாது. கமகத்தைத் தட்டையாக்கிய ஒரு பதிப்பை நீங்களே செய்து அந்த இடத்தில் வையுங்கள், ஏன் மாற்றினீர்கள் என்றும் எழுதுங்கள். கேட்பவரிடம் எத்தனை ஆண்டு கற்றார் என்று கேட்டு, கற்றவர், கல்லாதவர் பதில்களைத் தனித்தனியே பாருங்கள். எல்லாத் துண்டுகளின் ஒலி அளவையும் பிஎஸ்.1770 படி சமப்படுத்துங்கள். சற்றே உரத்து ஒலிப்பதை நல்லது என்று காது நம்பிவிடும்.

---

மந்திரஸ்தாயி

எல்லோருக்கும் மிக்க நன்றி. அலைவரிசை எழுதிய கேள்வியை என் வார்த்தையில் மாற்றிக் கைடுக்கு அனுப்பினேன், சம்மதம் கிடைத்தது. கேட்போர் சோதனையை எடுத்துவிட்டேன். நெய்தல் சொன்ன ஆடும் ஒலியைச் செய்து ஓட்டினேன், இரண்டு முறையிலும் பள்ளம் பூஜ்யத்தில் இருக்கிறது.

ஆனால் கையால் திருத்திய ஒரு நிமிடப் பதிவில் பி-யின் கொடுக்கும் எண் குழப்புகிறது. மிர்-எவாலில் ரா பிட்ச் துல்லியம் (ஸ்தாயி உட்பட பிட்ச் சரியாக வந்த விகிதம்) மிகக் குறைவு, ரா குரோமா துல்லியம் மட்டும் நன்றாக இருக்கிறது. பெண் குரல், தம்புரா, வயலின் எல்லாம் சேர்ந்த கலவைப் பதிவு. நான் எழுதிய கோடு தவறா?

---

நெய்தல்

குரோமா அளவுகோல் ஸ்தாயியைக் கண்டுகொள்ளாது. அது நன்றாக இருந்து ரா பிட்ச் மட்டும் விழுந்தால், ஸ்வரம் சரி, ஸ்தாயி தவறு என்று அர்த்தம். கோடைத் தொடுவதற்கு முன் காதால் கேளுங்கள். மிர்-எவாலில் பிட்ச் கோட்டை ஒலியாக மாற்றும் வசதி இருக்கிறது. மூலப் பதிவை இடது காதிலும் அந்த ஒலியை வலது காதிலும் போட்டு ஒரு வேவ் கோப்பு செய்து, ஹெட்போனில் 20 விநாடி கேளுங்கள். ஒரு ஸ்தாயி கீழே ஒலிக்கிறதா, பாடகர் மூச்சு விடும் இடத்தில் வயலினையோ தம்புராவையோ பிடித்துக்கொள்கிறதா என்று உடனே தெரியும்.

கீழே ஒலித்தால் குறைந்தபட்ச அதிர்வெண் எல்லையைப் பாருங்கள். 65 ஹெர்ட்ஸ் என்று பலரும் உதாரணத்திலிருந்து எடுத்து அப்படியே விட்டிருப்பார்கள். அந்தப் பாடகரின் ஆதார ஷட்ஜம் எவ்வளவு என்று பார்த்து, மந்திர பஞ்சமத்துக்குச் சற்றுக் கீழே எல்லையை வையுங்கள். ஷட்ஜம் 200 ஹெர்ட்ஸ் என்றால் மந்திர பஞ்சமம் 150, எல்லை 130 அளவில். மேல் எல்லையைத் தார பஞ்சமத்துக்குச் சற்று மேலே, 600-ஐத் தாண்டி. இந்த விதியை எல்லாப் பாடகருக்கும் ஒரே மாதிரி, சோதனைப் பதிவுகளின் எண்ணைப் பார்க்காமல், முன்கூட்டியே எழுதிவைத்துப் பின்பற்றுங்கள்.

எல்லையை மாற்றியும் சரியாகாவிட்டால் காரணம் கலவைதான். பி-யின், கிரெப் இரண்டுமே ஒரே ஒரு குரலோ கருவியோ தனியாக ஒலிக்கும் பதிவுக்கு எழுதப்பட்டவை. கலவையில் முதன்மை மெட்டை எடுக்க மெலோடியா போன்றவை வேறு. உங்களுக்கு முன்னால் இரண்டு வழி. குரல் மைக் டிராக் மட்டும் எடுத்து, கசிவு இருக்கிறது என்று வெளிப்படையாக எழுதிச் செய்வது. அல்லது முதலில் குரலைப் பிரித்தெடுத்துப் பிறகு ஓட்டுவது. இரண்டாவதில் பிரித்தெடுக்கும் மாடலின் தவறு பிட்ச் தவறோடு கலந்துவிடும், எது யாருடையது என்று சொல்ல முடியாது. இந்தக் கேள்விக்கு முதல் வழியை எடுங்கள். அதே ஒரு நிமிடத்தைக் குரல் டிராக்கில் மறுபடி ஓட்டி, இரண்டு எண்களையும் அந்த 20 விநாடி ஒலியையும் இங்கே போடுங்கள், பார்க்கலாம்.